கொள்ளு தின்ற சாலை

விராலிமலையிலிருந்து ஆவூர்ப் பக்கம் பிரிந்து போகும் கிளைச்சாலையில், செங்கொல்லைப்பட்டிக்கு முன்னால் ஒரு துண்டு ரோடு இருக்கிறது. அந்தத் துண்டு வந்ததும் மினிபஸ்ஸில் தூங்குகிறவர்கள் எல்லாரும் திடுக்கிட்டு விழிப்பார்கள். குலுக்கல் நின்றுவிட்டதால், வண்டி ஏதோ பள்ளத்தில் இறங்கி ஓய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஓ, செங்கொல்லைப்பட்டியா" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்குவார்கள். அப்படி ஒரு வழுவழுப்பு. மலையிலிருந்து மேய வந்த மயில் ஒன்று அந்த ரோட்டில் முகம் பார்த்துத் தோகையைச் சரிசெய்துகொண்டு போனதை ஊரில் பாதிப்பேர் பார்த்திருக்கிறார்கள். மீதிப் பாதிப்பேர் அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

ரோட்டை ஒட்டினாற்போல் மூக்கனின் கொல்லை. வானம் பார்த்த செம்மண். வருஷா வருஷம் கொள்ளுதான் போடுவார். செடியைப் பிடுங்கி, வாடவிட்டு, ரோட்டில் நீளத்துக்குப் பரப்பிவிடுவார். வண்டிகள் ஏறி ஏறிப் போக, காய் வெடித்து மணி தனியாகக் கொட்டும். அப்புறம் கூட்டி அள்ளித் தூற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஊரில் களம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. அதன் நடுவில் இப்போது செல்போன் டவர் நிற்கிறது. ஊரிலேயே சிக்னல் கிடைக்காத ஒரே போன் மூக்கனுடையது என்பது வேறு கதை.

ரோட்டில் எத்தனையோ வண்டிகள் போனாலும், மூக்கன் கொள்ளு பரப்புவது ஞானராஜ் ஓட்டுகிற மினிபஸ்ஸை நம்பித்தான். ஞானராஜ் ஆவூர்க்காரர். கொள்ளின் மேல் வண்டி ஓட்டுவதில் அவருக்கு ஒரு தனிக் கை இருந்தது. போகும்போது இடது ஓரம், வரும்போது வலது ஓரம், அடுத்த ட்ரிப்பில் நடு. ஒரு காய் தப்பாது. பயணிகளும் ஒத்துழைத்தார்கள். "டிரைவரே, அங்கிட்டு ஓரத்துல கொஞ்சம் அடிபடாமக் கெடக்கு. ரிவர்ஸ் எடுங்க" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். கனத்த சரீரமுள்ள யாராவது ஏறினால், மூக்கனே ஓடிவந்து பின்சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டில் அவரை மரியாதையாக உட்கார வைப்பார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ரோட்டு ஆபீஸின் பெரிய அதிகாரி ஒருவர் ஆய்வுக்குப் புறப்பட்டார். புதுக்கோட்டையில் வயிறார மத்தியானச் சாப்பாடு. ஜீப்பில் ஏறியதும் கண்ணயர்ந்துவிட்டார். ஜீப் செங்கொல்லைப்பட்டிக்கு வந்து கொள்ளின் மேல் ஏறியது. கொள்ளுமணி தட்டையானது, சறுக்காது என்று சொல்கிறவர்கள் அதன் மேல் ஜீப் ஓட்டிப் பார்த்ததில்லை. வண்டி பம்பரமாகச் சுற்றி, வந்த திசையையே பார்த்து நின்றது. டிரைவருக்குத் தலை கிறுகிறுத்ததில் முன் எது பின் எது என்று புரியவில்லை. மூக்குக்கு நேரே ஓட்டினார். அதிகாரி கண் விழித்தபோது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. ஆய்வு முடிந்து திரும்பிவிட்டோம் என்று திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். டிரைவர்தான் மனசு கேட்காமல் நடந்ததைச் சொல்லித் தொலைத்துவிட்டார்.

அடுத்த வாரமே ரோட்டோரம் ஒரு போர்டு முளைத்தது.

'இங்கு தானியம் உலர்த்தக் கூடாது. மீறினால் நடவடிக்கை.'

போர்டு வந்த சமயம் மோசமான சமயம். முதலில் பரப்பிய கொஞ்சம் போக, மூக்கனின் கொள்ளு முழுக்கப் பிடுங்கிக் கொல்லையில் போராகக் கிடந்தது. மாசி மாதத்தில் எந்த வருஷமும் இல்லாத வழக்கமாக மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை விழுந்தால் போதும், காயோடு சேர்ந்து மணியும் கறுத்துப் போகும். அந்த வருஷத்து வெள்ளாமை அது ஒன்றுதான்.

மூக்கன் போர்டுக்கு முன்னால் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அவர் சம்சாரம் அழகி கொல்லையிலிருந்து சத்தம் போட்டாள்.

"ஏங்க, போர்டப் பாத்துக்கிட்டே நின்னா கொள்ளு தானா உதுந்துருமா? ஏதாச்சும் பண்ணுங்க."

"என்னா பண்ணச் சொல்ற? புடுங்கிக் கொல்லையில நடச் சொல்றியா? இரும்புப் போர்டு புள்ள, நம்ம மண்ணுக்கு வராது."

அப்போதுதான் ஸ்கூட்டரில் திலகவதி வந்து இறங்கினாள். அந்தப் பக்கத்து ரோடுகளுக்கெல்லாம் அவள்தான் உதவிப் பொறியாளர். ஊர் ஊராகப் போய் ஒரு கூட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒருவரும் சிக்காததால் முகம் வாடியிருந்தது.

"ஐயா, புதுக்கோட்டையில புதங்கிழமை ஒரு கூட்டம். நீங்க வரணும்."

"எந்தக் கட்சிங்க?"

"கட்சி இல்லைங்க, ரோட்டு ஆராய்ச்சி. தாரு ஏன் உருகுது, ரோடு ஏன் வெடிக்குது, தண்ணி ஏன் நிக்கிதுன்னு ஆயிரம் கேள்வி கெடக்கு. எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஆராய முடியாது. எதை மொதல்ல எடுக்கணும்னு ரோட்டுல போறவங்களையே கேட்டு முடிவு பண்ணச் சொல்லி உத்தரவு."

"நாங்க சொன்னா கேப்பீங்களா?"

"கேக்கத்தானே கூப்புடுறோம்."

"அப்ப இந்தப் போர்ட எடுங்க."

"அது வேற செக்சன்ங்க" என்றாள் திலகவதி. அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

மினிபஸ்ஸை நிறுத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஞானராஜ், ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "மூக்கண்ணே, யோசிக்காமப் போயிட்டு வாங்க. பெரிய பெரிய ஆளெல்லாம் வருவாங்க. சமயம் பாத்து போர்டு விசயத்த எறக்கி வைங்க. மத்தியானம் சாப்பாடும் உண்டாம்."

"சாப்பாடு போடுறாங்கன்னா விசயம் பெருசுதான்" என்றார் மூக்கன்.

புதன்கிழமை ஞானராஜே மூக்கனையும் அழகியையும் விராலிமலையில் கொண்டுவந்து இறக்கி, புதுக்கோட்டை பஸ் ஏற்றிவிட்டார். மேகமும் கூடவே வந்தது. பஸ் ஜன்னலில் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனதில் மூக்கனுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

மண்டபம் நிறையக் கூட்டம். திலகவதி ஆண்களை நம்பாமல், மகளிர் குழுப் பெண்களை வேன் வைத்துக் கூட்டிவந்திருந்தாள். மேடையில் திருச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர் ஜெபக்குமார் இருந்தார். ஆயுசு முழுவதும் கெட்டுப்போன ரோடுகளை அறுத்துப் பார்த்தவர். எந்த இடத்தில் கால் வைத்தாலும் முதலில் குனிந்து விரலால் தட்டிச் சத்தம் கேட்பது அவர் பழக்கம். மூக்கன் கும்பிட்டபோது, பதில் வணக்கம் சொல்லுமுன் அவர் தோளையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, பரவாயில்லை என்பது போலத் தலையசைத்தார்.

சுவரில் வரிசையாகப் பெரிய படங்கள். ஒன்றில் அதல பாதாளக் குழி. ஒன்றில் முதலைத் தோல் மாதிரி வெடித்த ரோடு. ஒன்றில் குளமா ரோடா என்று தெரியாத தண்ணீர். ஒன்றில் ஓரமெல்லாம் எலி கடித்த தோசை மாதிரி அரித்துப்போன தார். கடைசியாக, ரோடு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக ஒரு நல்ல ரோட்டின் படம்.

"ஒவ்வொருத்தரும் வந்து, எதை முதல்ல ஆராயணும்னு நினைக்கிறீங்களோ அந்தப் படத்துல ஸ்டிக்கர் ஒட்டணும். சிவப்பு ஒட்டினா முக்கியம். கறுப்பு ஒட்டினா எல்லாத்துக்கும் முந்தி" என்று ஜெபக்குமார் விளக்கினார்.

ஒட்டுவதற்கு வட்ட வட்டமாக ஸ்டிக்கர் வாங்கிவரச் சொல்லி, ஆபீஸ் ஆள் ஒருவரைத் திலகவதி கடைவீதிக்கு அனுப்பியிருந்தாள். அவர் வாங்கிவந்தது பெண்கள் நெற்றியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் பொட்டு. அட்டை அட்டையாக. "வட்டமாத்தானே மேடம் கேட்டீங்க?" என்று அவர் கேட்டார். திலகவதி அட்டைகளை எண்ணி அடுக்க ஆரம்பித்தாள்.

பொட்டு வைக்குமுன் கலந்து பேச வேண்டும் என்றார் ஜெபக்குமார். "உங்க பக்கத்து ரோட்டுல என்ன பிரச்சனை?" என்று அவர் கேட்டதுதான் தாமதம்.

திருக்கோகர்ணத்து ஆட்டோக்காரர் எழுந்தார். "எங்க தெருக் குழியில ஆட்டோ எறங்கிருச்சுன்னா, சவாரி எறங்கி நடந்து வீட்டுக்குப் போயி, சாப்புட்டுக் கை கழுவிட்டுத் திரும்பி வந்து, 'என்னா, இன்னும் மேல வரலையா'ன்னு கேக்குறாங்க சார்."

"அதெல்லாம் ஒரு குழியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். "எங்க ஊருக் குழியில போன மழைக்கு வெறால் மீன் பிடிச்சோம்."

"மீன் என்னா மீனு, எங்க குழியில பரிசலே விடுறோம்" என்றார் இன்னொருவர். "ஊரே இக்கரை அக்கரைன்னு பிரிஞ்சு, இப்ப அக்கரையில பொண்ணு எடுக்குற அளவுக்கு ஆயிப்போச்சு."

ஜெபக்குமார் வேர்க்க வேர்க்க எழுதிக்கொண்டார். ஒவ்வொருவரும் தன் ஊர்க் குழியை விட்டுக்கொடுக்காமல் பேச, மண்டபம் ஏலக்கடை மாதிரி ஆனது. கடைசியில் ஒரு அம்மாள் மெதுவாக எழுந்து, "எங்க ஊருக்கு ரோடே இல்லைங்க. குழிக்கு நாங்க எங்க போறது?" என்றாள். ஏலம் அத்தோடு முடிந்தது. அதற்கு மேல் பேச யாரிடமும் சரக்கு இல்லை.

மூக்கன் இதற்குள் பலமுறை கையைத் தூக்கியிருந்தார்.

"நீங்க குழி பத்தியா?" என்று கேட்டார் ஜெபக்குமார்.

"இல்லைங்க, போர்டு பத்தி..."

"குழி முடியட்டும், போர்டுக்கு வருவோம்."

குழி முடிந்ததும் போர்டுக்கு வரவில்லை, பொட்டுக்கு வந்தார்கள். எல்லார் கையிலும் ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. வெளியே லேசாக இடி உருண்டது. மூக்கன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அழகி அவர் விலாவில் இடித்தாள்.

"ஏங்க, அந்தக் கடேசிப் படம் நம்ம ரோடு மாதிரி இல்ல?"

மூக்கன் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அட ஆமா! அந்தா நம்ம புளியமரம். இந்தா, போர்டு வைக்கிறதுக்கு முந்தி எடுத்த படம்."

கூட்டம் முழுவதும் அந்தப் படத்துக்கு முன்னால்தான் நின்றது. "என்னா ரோடுடி! சோத்தக் கொட்டிக் கொழம்பு ஊத்திச் சாப்புடலாம் போலருக்கே" என்றாள் ஒருத்தி. "எந்த ஊரோ, குடுத்து வச்ச மகராசிக" என்று இன்னொருத்தி பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சின் சூடு அழகியின் முதுகில் பட்டது.

அழகிக்குப் பகீரென்றது. "இத்தனை கண்ணும் நம்ம ரோட்டு மேல விழுதுங்களே! நாம ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள அது வெடிச்சுருமே!"

அவள் யோசிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கையிலிருந்த கறுப்புப் பொட்டைப் பிரித்து, அந்த ரோட்டின் இடது ஓரத்தில், பிள்ளைக்குக் கன்னத்தில் வைக்கிற மாதிரி அழுத்தி வைத்தாள்.

பின்னால் நின்ற பெண்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. "அதானே! அழகா இருக்குறதுக்குத்தானே திருஷ்டி" என்று அடுத்தவளும் ஒரு கறுப்பு வைத்தாள். ரோட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள், தங்கள் கண் பட்டுவிடக் கூடாது என்ற நல்ல மனசில் ஒட்டினார்கள். ஒரு பாட்டி படத்துக்கு இரண்டு கையாலும் நெட்டி முறித்தே விட்டாள். சம்சாரம் வைத்த இடத்திலேயே புருஷன்மார்களும் வைத்தார்கள்.

சிவப்புக்குத்தான் கதி இல்லாமல் போனது. "நல்ல நாளும் அதுவுமா வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்குற குழிக்குப் பொட்டு வைக்கிறதா?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். சிவப்பெல்லாம் பெண்களின் நெற்றிக்குப் போனது, அல்லது மணிபர்சுக்குப் போனது.

திலகவதிக்கு உடனே விளங்கிவிட்டது. மேடைக்கு ஓடினாள். "சார், இது ஓட்டு இல்லை, திருஷ்டி..."

"வாக்களிக்கும்போது அதிகாரிங்க குறுக்க பேசக் கூடாது" என்று ஜெபக்குமார் விரலை உயர்த்தினார்.

கடைசியில் அவர் இறங்கிவந்து பார்த்தார். செங்கொல்லைப்பட்டிப் படத்தில் ரோட்டுக்கு மேலே இன்னொரு ரோடு போட்டது போலக் கறுப்பு அப்பிக் கிடந்தது. குழிப் படத்தில் ஒன்றுகூட இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார். படத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மைக்குக்குத் திரும்பினார்.

"இத்தனை வருஷமா நாங்க செத்த ரோட்டையே அறுத்து அறுத்துப் பாத்தோம். உயிரோட இருக்குற ரோட்டை ஒரு நாளாவது போயி, நீ எப்படிப்பா இருக்கேன்னு கேட்டோமா? மக்கள் கேக்கச் சொல்றாங்க. முதல் ஆராய்ச்சி இதுதான். இந்த ஊர்க்காரங்க யாராவது இருக்கீங்களா?"

அழகி மூக்கனைப் பிடித்துத் தள்ளினாள். அவர் போய் விழாத குறையாக மைக்குக்கு முன்னால் நின்றார்.

"ஐயா, உங்க ரோடு மட்டும் ஏன் உடையல?"

மூக்கனுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு வந்ததில்லை. ஆனால் கொல்லையில் கிடக்கிற போர் கண்ணில் தெரிந்தது. வெளியே இன்னொரு இடி உருண்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கொள்ளுங்க."

"கொள்ளா?"

"குதிரைக்கு எதுக்குக் கொள்ளு குடுக்குறாங்க? அது எம்புட்டு ஓடினாலும் காலு சோராம இருக்கத்தானே? எங்க ரோடு வருசா வருசம் கொள்ளு திங்கிதுங்க. நான் பரப்புவேன், ஞானராசு தம்பி மினிபஸ்ஸ மேல ஏத்தி உள்ள எறக்கிவிடும். அந்தச் சத்துலதான் நிக்கிது. இந்த வருசம் குடுக்க விடாம போர்டு வச்சுட்டாங்க. ரோடு இப்பவே கொஞ்சம் எளச்ச மாதிரித் தெரியுது."

"காலையில நாங்க பொறப்படும்போதுகூட மொனகுச்சு சார்" என்று கூட்டத்திலிருந்து அழகி எடுத்துக்கொடுத்தாள்.

திலகவதியால் பொறுக்க முடியவில்லை. "சார், அந்தத் துண்டுல ரெண்டு பக்கமும் வாய்க்கால் சரியா வெட்டியிருக்கு. தண்ணி நிக்கிறதில்லை. அதனாலதான் ரோடு..."

"வாய்க்காலுக்கு ஒரு ஓட்டுகூட விழலையேம்மா" என்றார் ஜெபக்குமார். "அதை அப்புறம் பாப்போம். முதல்ல அந்தப் போர்டை எடுங்க."

போர்டை அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். செக்சன் எது என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கொள்ளைப் பரப்பினார் மூக்கன். மினிபஸ்ஸின் முன்சீட்டில் ஜெபக்குமாரே உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் இறங்கிக் குனிந்து ரோட்டைத் தட்டிப் பார்த்தார். "சத்தம் கெட்டியாகுது" என்று எழுதிக்கொண்டார். பயணிகள் அன்றைக்கு யாருமே வேலைக்குப் போகவில்லை. ஆராய்ச்சிக்குப் பாரம் வேண்டும் என்று வண்டியிலேயே இருந்துவிட்டார்கள். கூட்டி, அள்ளி, தூற்றி, கடைசி மூட்டை வாசற்படி தாண்டவும் மழை பிடித்தது. மூட்டை கட்டின கயிற்றின் வால் மட்டும் நனைந்தது.

மூக்கன் அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி அதற்கு முன் எந்நாளும் சாப்பிட்டதில்லை. கதை இங்கேயே முடிந்திருந்தால் அவருக்கு நல்லது.

மழை விட்டு வெயில் அடித்ததும் திலகவதி வந்தாள். ஸ்கூட்டரின் பின்னால் ஒரு போர்டு கட்டியிருந்தது.

"ஐயா, ஆராய்ச்சின்னு ஒண்ணு ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாதாம். வாரா வாரம் நீங்க கொள்ளு போடணும்."

"என்னங்க மேடம் சொல்றீங்க? கொள்ளு வருசத்துக்கு ஒருக்காத்தானே வெளையும்?"

"அது வேளாண்மை செக்சன்ங்க" என்றாள் திலகவதி. இந்தத் தடவை அவள் குரலில் வருத்தம் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. வாய்க்காலை யாரும் காதில் வாங்காததை அவள் மறக்கவில்லை.

போர்டை நட்டார்கள்.

'இங்கு தானியம் உலர்த்தாமல் இருக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை.'

அடித்து முடித்த கொள்ளுச் சருகையே இரண்டு வாரம் திருப்பித் திருப்பிப் பரப்பினார் மூக்கன். மூன்றாம் வாரம் பக்கத்துக் கொல்லையிலிருந்து காய் அடித்துப்போட்ட துவரை மிலாற்றுக் குச்சிகளை இரவல் வாங்கினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அடுத்த துண்டு ரோட்டில் ஒன்றும் போடக் கூடாது என்று கட்டளை. அந்தத் துண்டு அழகியின் தம்பி பிச்சை வீட்டு வாசலில் இருந்தது. பிச்சை சண்டைக்கு வந்துவிட்டான்.

"என்னா மச்சான், ஒங்க ரோடு மட்டும் வயிறு முட்டத் திங்கணும், எங்க ரோடு வாயப் பாத்துக்கிட்டுக் கெடக்கணுமா? பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிட்டிருக்கேன் அத!"

யாரும் பார்க்காதபோது அவன் தன் ரோட்டுக்கு உளுந்து போட்டான். ஆராய்ச்சியில் இரண்டு ரோடும் ஒரே மாதிரி கெட்டியாக இருப்பதாக முடிவு வந்ததும், கொள்ளின் சத்து பக்கத்து ரோட்டுக்கும் பரவுகிறது என்று ஜெபக்குமார் எழுதினார்.

ஒரு நாள் அழகி டப்பாவைத் திறந்து பார்த்துக் கத்தினாள். "இட்லிக்கு வச்சிருந்த உளுந்து எங்கங்க?"

"ரோட்டுக்குப் போட்டேன்" என்றார் மூக்கன். "எனக்கும் பசிக்குதுதான். ஆனா நான் பட்டினி கெடந்தா யாரும் நடவடிக்கை எடுக்க மாட்டாங்களே."

அவருக்கு இப்போது ஒரே ஒரு ஆசைதான். அந்தப் பழைய போர்டு திரும்பி வர வேண்டும். அதற்கு ஒரு வழி இருந்தது. ஆராய்ச்சியைப் பார்வையிடப் பெரிய அதிகாரி வருகிறார் என்று சேதி வந்ததும், மூக்கன் விராலிமலைக்குப் போய் நல்ல உருண்டைப் பட்டாணியாகப் பொறுக்கி வாங்கிவந்து, ரோடு முழுக்க இறைத்துவிட்டார்.

ஜீப் வந்தது. அதிகாரி வழக்கம்போல் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பட்டாணியில் ஏறிய வண்டி, சாவி கொடுத்த பொம்மை போல, போன தடவையைவிட இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றி, புதுக்கோட்டையைப் பார்த்து நின்றது. டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மூக்கன் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடினார்.

"டிரைவர் தம்பி! அய்யாகிட்ட உண்மையச் சொல்லிருங்க! ஒண்ணையும் மறைச்சுராதீங்க!"

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன தடவை உண்மையைச் சொன்னதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

இரண்டு நாள் கழித்துத் திலகவதி வந்தாள்.

"ஐயா, பெரியவருக்கு ரொம்பத் திருப்தி. ரோடு அம்புட்டு வழுவழுப்பாம். போயிட்டு வந்த மாதிரியே தெரியலைன்னு எழுதியிருக்காரு. ஆராய்ச்சிய இன்னும் நீட்டிக்கச் சொல்லி உத்தரவு."

அழகி மணிபர்சைத் துழாவி, கூட்டத்தில் மிஞ்சிய அட்டையிலிருந்து கிள்ளி வந்திருந்த ஒரு கறுப்புப் பொட்டை எடுத்து, புருஷனின் இடது கன்னத்தில் ஒட்டிவிட்டாள்.

"எல்லார் கண்ணும் ஒங்க மேலதாங்க" என்றாள்.

அவர் அதைத் துடைக்கவில்லை. அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு, ரோட்டுக்கு அந்த வாரத்துப் பட்டாணி வாங்கப் போனார்.